விதிக்குள் அடங்கிய வண்ணம்: ஷேக்கர் கந்தல் விரிப்புகளின் வளர்ச்சி

அமெரிக்காவின் ஷேக்கர் சமயக் குழுவினர் பழந்துணியில் செய்த தரைவிரிப்புகளைச் சிக்கனத்தின் பிள்ளையாகவே பலரும் பார்க்கிறார்கள். சிக்கனம் இருந்தது உண்மை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்துப் பண்ணை வீடுகளிலும் கிழிந்த துணி விரிப்பாகத்தான் மாறியது. எல்லோருக்கும் பொதுவான ஒரு காரணம் ஷேக்கர் விரிப்பின் தனித்தன்மையை விளக்கிவிடாது. அதற்கு வடிவம் தந்தது குழுவின் சட்டமே என்பது என் வாதம். சட்டம் அலங்காரத்தை ஒழிக்கவில்லை. நெசவின் அமைப்புக்குள் அதைக் குடியேற்றியது.

1774-இல் ஆன் லீ இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த இந்த நெறி, துறவையும் பொதுவுடைமையையும் அடிப்படையாகக் கொண்டது. 1845-இல் திருத்தப்பட்ட அவர்களது சட்டத் தொகுப்பு, வெறும் அழகுக்காகச் செய்யும் மரவேலைப்பாடுகளை விலக்கியது. விரிப்பையோ அனுமதித்தது. 1821-இல் மறைந்த தலைவி லூசி ரைட்டின் வாக்கை மேற்கோள் காட்டி, ஒரு விரிப்புக்கு இரு நிறம் போதும் என்றது. அதோடு நில்லாமல், ஒரு பட்டைக்குச் சிவப்பும் பச்சையும் என்று இணைகளையும் பெயர் சொல்லிக் குறித்தது. நிறத்தை வெறுத்தவர்கள் இப்படிப் பட்டியல் போட்டிருக்க மாட்டார்கள். எண்ணிக்கைக்கு வரம்பு கட்டினார்களே தவிர, நிறத்துக்குத் தடை போடவில்லை.

அந்த வரம்புக்குள் நெசவாளர்கள் செய்ததைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். வெவ்வேறு நிறமுள்ள இழைகளைச் சேர்த்து முறுக்கி, அதைத் தறியில் ஊடையாகக் கொடுத்தார்கள். ஒரு வரிசையின் முறுக்கு வலப்பக்கம் சாயும். அடுத்த வரிசையின் முறுக்கு இடப்பக்கம். இரண்டும் அடுத்தடுத்து அமரும்போது, விரிப்பின் மேல் அம்புமுனைகள் வரிசைகட்டி நிற்கும். தனியாகச் சேர்த்த பூவேலை எதுவும் அதில் இல்லை. முறுக்குத் திசையை மாற்றுவது இழைகளின் இழுவிசையைச் சமன்செய்யத்தானே, அழகுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். சமன்செய்வது மட்டும்தான் நோக்கமென்றால் ஒரே நிறத் துணி போதுமே! மாறுபட்ட இரு நிறங்களைச் சேர்த்து முறுக்கும்போதுதான் அம்புமுனை கண்ணுக்குத் தெரிகிறது. உறுதியும் அழகும் ஒரே கைவேலையில் கிடைத்தபோது, விதியை மீறாமலே கண்ணுக்கு விருந்து வைக்க முடிந்தது.

இந்தத் திறன் ஷேக்கர்களே கண்டுபிடித்ததல்ல என்பதும் நியாயமான மறுப்புதான். பிள்ளைப்பேறு இல்லாத குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் தத்தம் வீட்டுக் கைத்தொழிலோடுதான் வந்தார்கள். ஆனால் வீட்டில் மிஞ்சும் கந்தல் பல நிறம், பல தரம். உடை ஒரே மாதிரியான ஷேக்கர் ஊரில் மிஞ்சும் கந்தலோ பெருமளவில் ஒரே துணி, ஒரே சாயம். நிறத்தை இப்படித் திட்டமிட்டு ஆள அந்த ஊர்களால் முடிந்ததற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் ஆண்கள் குறைந்து, சகோதரிகளின் கைவேலை விற்பனைக்கு வந்தது. செயற்கைச் சாயங்களும் பரவின. மாசசூசெட்ஸின் ஹான்காக்கில் வாழ்ந்த எல்வைரா ஹுலட் 1890-களில் செய்ததாகக் கருதப்படும் வட்ட விரிப்பில் பின்னல் வளையங்கள் ஒன்றையொன்று சூழ்கின்றன; இரு நிற வரம்பு அதில் இல்லை. இதைச் சந்தையால் வந்த சீரழிவு என்று ஒதுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதிலும் உருவங்கள் மேலே தைத்து ஒட்டியவை அல்ல, பின்னலிலேயே பிறந்தவை. நிற வரம்பு தளர்ந்த பிறகும், சட்டம் பழக்கிய கை அப்படியே நின்றது.