படம் வரைஞ்சா சோறு போடுமா? ஓசூரிலிருந்து ஒரு பழைய கேள்வி

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் வந்து "எனக்கு இன்ஜினியரிங் வேணாம், டிசைன் படிக்கப் போறேன்" என்று சொன்னால், ஓசூரில் முக்கால்வாசி வீடுகளில் முதலில் வரும் கேள்வி இதுதான்: "படம் வரைஞ்சா சோறு போடுமா?" கேட்கிறவரை ரசனை இல்லாதவர் என்று ஒதுக்கிவிடலாம். சுலபம். ஆனால் இந்தக் கேள்விக்கு 175 வருஷ வரலாறு இருக்கிறது. சென்னையில் ஓவியப் பள்ளியை ஆரம்பித்தவர்களே இதைக் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தார்கள். கேள்வி மாறவில்லை. அதற்குப் பதில் தேடித் தரவேண்டிய ஆள்தான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறார்.

பாத்திரம் செய்த ஓவியப் பள்ளி

1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. இன்று எழும்பூர், பெரியமேடு பக்கம் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சிதான்.

பெயர் கலைப் பள்ளி என்றாலும், நோக்கம் ஓவியர்களை உருவாக்குவது மட்டும் இல்லை. மண்பாண்டம், மரவேலை, உலோக வேலை என்று கைத்தொழில்தான் அங்கே பெரும்பகுதி. 1898-இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். அது வளர்ந்து தனிக் கம்பெனியாகவே ஆகிப் போனது. நம் வீட்டு அலுமினியக் குண்டானின் வம்சாவளியில் ஒரு ஓவியப் பள்ளி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் "சோறு போடுமா?" என்ற கேள்விக்குப் பள்ளியே பதில் சொன்னது: தொழில் கற்றுத் தருகிறோம், பிழைத்துக்கொள்வான். இதே வழியில் வந்தவைதான் ஓவியத்துக்கான அரசு தொழில்நுட்பத் தேர்வுகள். லோயர் கிரேடு, ஹையர் கிரேடு என்று இன்றும் நடக்கின்றன. அதில் பாஸ் செய்து, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, பள்ளிகளில் டிராயிங் மாஸ்டர் ஆனவர்கள் ஏராளம். பட்டப்படிப்பு இல்லாத குடும்பத்துப் பையனுக்கு அது கௌரவமான அரசு வேலை.

தந்தி ஆபீஸில் வேலை பார்த்த மாணவர்

1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்புக்கு வந்தார். பள்ளியின் முதல் இந்தியத் தலைவர். அவர் காலத்தில் ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. அவரிடம் படித்தவர்களில் ஒருவர் கே.சி.எஸ். பணிக்கர்.

1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர் பணிக்கர். அப்பா இறந்துபோனதால் படிப்பை விட்டுத் தந்தித் துறையில் வேலைக்குப் போனார். குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளத்தான். ஓவியப் பள்ளியில் சேரும்போது அவருக்கு வயது 25. பதினேழு வயதில் நடக்கவேண்டியது எட்டு வருஷம் தள்ளி நடந்தது.

இதே மனிதர் 1957-இல் அந்தக் கல்லூரிக்கே முதல்வர் ஆனார். தன்னிடம் படித்து வெளியே போகிற பிள்ளைகள் எதை வைத்துப் பிழைப்பார்கள் என்பது அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது. வழியில்லாமல் பலர் ஏதாவது ஒரு வேலைக்குப் போய், வரைவதையே விட்டுவிடுவார்கள். அதனால் அவரும் மாணவர்களும் சேர்ந்து பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். வந்த காசில்தான் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. சென்னை ஓவிய இயக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கோட்டையும் வண்ணத்தையும் பற்றி நிறையப் பேசுவார்கள். அதன் அடித்தளத்தில் "பிள்ளைகள் எப்படிப் பிழைப்பார்கள்?" என்ற, ஒரு தகப்பன் கேட்கிற கேள்வி இருந்தது.

இன்னொரு உதாரணம் ஓவியர் ஆதிமூலம். துறையூர் பக்கம் கீராம்பூரில் பிறந்தவர். அறுபதுகளின் தொடக்கத்தில் சென்னை ஓவியக் கல்லூரிக்கு வந்தபோது அவருக்கு வழிகாட்டியவர் சிற்பி தனபால். 1969-இல் ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தன.

இந்தத் தலைமுறையின் கதைகளில் ஒரு பொது அம்சம் உண்டு. கல்லூரி எங்கே இருக்கிறது, என்ன தேர்வு வைப்பார்கள், யாரைப் பார்க்கணும் என்பதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தவர் பெற்றோர் கிடையாது. ஒரு டிராயிங் மாஸ்டரோ, மூத்த கலைஞரோதான். பெற்றோர் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: "சரி, போ" என்று விடுவது. அதுவும் லேசான காரியம் இல்லை.

சிப்காட் வந்தது

இனி ஓசூருக்கு வருவோம். எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-இல் அசோக் லேலண்ட் தொழிற்சாலை. அதே 1980-இல் டி.வி.எஸ். 50 இங்கிருந்துதான் வெளியே வந்தது. 1984-இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாக டைட்டன் கம்பெனியைத் தொடங்கின. கைக்கடிகாரத் தொழிற்சாலை ஓசூரில். சுற்றுவட்டார ஊர்களில் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளை எடுத்து, நுணுக்கமான கைவேலைக்குப் பழக்கினார்கள். பிறகு தனிஷ்க் நகைத் தொழிற்சாலையும் இங்கே வந்தது.

2002-இல் வந்த டைட்டன் எட்ஜ் கடிகாரத்தின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர். மொபெட்டின் வளைவு, கடிகாரத்தின் முகப்பு, வளையலின் பூ வேலை எல்லாமே யாரோ ஒருவர் பேப்பரில் வரைந்ததில் ஆரம்பித்தவை. அப்படிப் பார்த்தால், தமிழ்நாட்டில் படம் வரைவது உண்மையிலேயே சோறு போடுகிற ஊர்களில் ஓசூர் முன்வரிசையில் நிற்கும்.

ஆனால் ஷிஃப்டுக்குப் போகிற அப்பா பார்ப்பது அசெம்பிளி லைனை. டிசைனரின் மேஜை அவர் கண்ணில் படுவதில்லை. அவருக்குத் தெரிந்த பாதை ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், இன்ஜினியரிங். ஐ.டி.ஐ.-யில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு இருக்கிறது என்பதால் ஸ்கேல் வெச்சு வரைஞ்சா அது வேலை. வெறுங்கையால வரைஞ்சா அது பொழுதுபோக்கு.

ஊருக்குத் தொழிற்பேட்டை வந்ததே தவிர ஓவியக் கல்லூரி வரவில்லை. அரசு கவின் கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும்தான். மாமல்லபுரத்தில் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. ஓசூரிலிருந்து சென்னையே 300 கிலோமீட்டருக்கு மேல். கும்பகோணம் அதைவிடத் தூரம்.

ஒரு கதவில் தேர்வு போனது, இன்னொன்றில் வந்தது

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு எண்பதுகளின் நடுவில் வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதகம் என்ற நீண்ட வாதத்துக்குப் பிறகு, 2006-இல் சட்டம் போட்டு, 2007 சேர்க்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நம் பெற்றோருக்குக் கணக்கு தெளிவு. பிளஸ் டூ மார்க், கட்-ஆஃப், கவுன்சலிங். மே மாதம் ரிசல்ட், அப்புறம் மற்றது. 2017-இல் நீட் வந்து மருத்துவத்தை மட்டும் அந்தக் கணக்கிலிருந்து வெளியே கொண்டுபோனது.

வடிவமைப்புப் படிப்பின் கதை வேறு திசையில் போனது. 1958-இல் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார்கள். நல்ல வடிவமைப்புக்கு அவர்கள் காட்டிய உதாரணம் நம் வீட்டுச் சொம்பு! அதன் தொடர்ச்சியாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. 1986-இல் டெல்லியில் நிஃப்ட் வந்தது, 1995-இல் சென்னையில் அதன் கிளை. கட்டடக்கலைக்கு 2006-இலிருந்து நாட்டா தேர்வு. ஐ.ஐ.டி. டிசைன் படிப்புக்கு 2015-இலிருந்து யூசீட் தேர்வு. ஆக, இன்ஜினியரிங் பிள்ளைக்கு நுழைவுத் தேர்வு போன அதே காலகட்டத்தில், படம் வரைகிற பிள்ளைக்கு அடுத்தடுத்து தேர்வுகள் வந்து சேர்ந்தன.

இதில் பெற்றோர் தடுமாறும் முதல் இடம் பெயர். அகமதாபாத் நிறுவனத்தைத் தமிழில் என்.ஐ.டி. என்று எழுதினால், படிக்கிறவர் மனசுக்கு வருவது திருச்சி என்.ஐ.டி.தான்! இரண்டும் வேறு, தேர்வும் வேறு.

இரண்டாவது காலண்டர். டிசைன் தேர்வுகளுக்குப் பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் வாக்கில் விண்ணப்பம், டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் தேர்வு. நம் வீடுகளில் "ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கலாம்" என்பது பழகிப்போன பேச்சு. ரிசல்ட் வருவதற்குள் இந்தக் கதவுகள் மூடியிருக்கும். ஒரு வருஷம் போச்சு.

மூன்றாவது மொழி. யூசீட் ஆங்கிலத்தில் மட்டும். நிஃப்ட் ஆங்கிலத்திலும் இந்தியிலும். கையில் வரைகிற திறமை எவ்வளவு இருந்தாலும், கேள்வி புரிந்தால்தானே வரைய முடியும்? தமிழ், தெலுங்கு, கன்னட மீடியம் மூன்றும் உள்ள ஓசூரில் இது சின்ன விஷயம் இல்லை.

அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர். சித்ரகலா பரிஷத், சிருஷ்டி, நிஃப்ட் கிளை எல்லாம் அங்கே இருக்கின்றன. பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம். ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி போனால் ரோடு அதேதான்; சட்டம் மட்டும் வேறு. கர்நாடக அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு, பொதுவாக அந்த மாநிலத்தில் ஏழு கல்வியாண்டு படித்திருக்க வேண்டும் என்பது விதி. ஓசூர்ப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அது பொருந்தாது.

எதிர்ப்பக்கமும் ஒரு சிக்கல். வேலை அத்திப்பள்ளி, சந்தாபுரா பக்கம் என்பதால் பிள்ளையை அங்கேயே பள்ளியில் சேர்த்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டில் படிக்காதவர் இங்கே கவுன்சலிங்கில் சேர, பிறப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் தெரிந்துகொண்டு தாலுகா ஆபீஸுக்கு ஓடுவதைவிட, முன்கூட்டியே வாங்கி வைத்துவிடலாம்.

தனியார் கல்லூரிகளுக்கு இந்த எல்லைத் தடை கிடையாது. அங்கே தடை ஃபீஸ். அரசு கவின் கலைக் கல்லூரியின் கட்டணத்தையும் ஒரு தனியார் டிசைன் கல்லூரியின் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. சென்னைக் கல்லூரியில் ஓவியம், சிற்பம் மட்டும் இல்லை. விஷுவல் கம்யூனிகேஷன், செராமிக், துணி வடிவமைப்பு, பதிப்போவியமும் இருக்கின்றன. சேர்க்கைக்குச் செய்முறைத் தேர்வு வைக்கிறார்கள்.

டிராயிங் மாஸ்டர் எங்கே?

பழைய கதையில் வழிகாட்டியாக இருந்த டிராயிங் மாஸ்டர் இன்று எங்கே? 2012-இல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. ஓவியம், உடற்பயிற்சி, கைத்தொழில் எல்லாம் சேர்த்து. தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். வாரத்துக்கு மூன்று அரை நாள் வருகிறவரிடம் போய், "என் பையனுக்கு யூசீட் பத்திச் சொல்லுங்க சார்" என்று எதிர்பார்ப்பது நியாயமா? அவர் பிழைப்பே அவருக்குப் பெரிய கேள்வி. அரசு மாதிரிப் பள்ளிகளிலும் நான் முதல்வன் திட்டத்திலும் இப்போது தேசிய நுழைவுத் தேர்வுகளைப் பற்றிச் சொல்லித் தருகிறார்கள். நல்ல தொடக்கம். ஆனால் எல்லாப் பள்ளிக்கும் அது போய்ச் சேர நாளாகும்.

அதுவரை டிராயிங் மாஸ்டரின் பாதி வேலை அப்பா அம்மா தலையில்தான். பெற்றோருக்குப் படம் வரையத் தெரிய வேண்டியதில்லை. தெரிய வேண்டியது தேதியும் தகுதியும்.

முதல் முடிவு பத்தாம் வகுப்பு முடிந்ததும் வருகிறது. பி.ஆர்க். படிக்கும் ஆசை இருந்தால் கணிதமும் இயற்பியலும் உள்ள குரூப் எடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டு பி.ஆர்க். சேர்க்கையில் பிளஸ் டூ மார்க்கும் நாட்டா மார்க்கும் சரிபாதி. யூசீட்டுக்கு எந்த குரூப் எடுத்தவரும் எழுதலாம். பிளஸ் ஒன்னிலேயே வரைந்த படங்களைத் தேதி போட்டுச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். ஓவியப் போட்டிக்காக வரைந்தவை மட்டும் போதாது. பார்த்து வரைந்த சைக்கிள், அடுப்பு, பஸ் ஸ்டாண்டு, தெருநாய் எல்லாம் வேண்டும். பிளஸ் டூ தீபாவளிக்கு முன்னால் விண்ணப்பத் தேதிகளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

அப்புறம் அந்தப் பழைய கேள்வி. அதைக் கேட்கத்தான் வேண்டும். பணிக்கரே கேட்டார், பதிலும் தேடினார். பிள்ளையிடம் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: எந்தப் படிப்பு, எத்தனை வருஷம், எவ்வளவு ஃபீஸ், முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள். சில பதில்கள் ஈஞ்சம்பாக்கத்தில் கிடைக்கும். சில, சிப்காட் கேட்டுக்கு உள்ளேயே இருக்கின்றன. லைனில் இருபது வருஷம் வேலை பார்த்த அப்பாவுக்கு, "இந்த டிசைனைப் போட்டவர் என்ன படிச்சார்?" என்று கேண்டீனில் விசாரிப்பது ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலைதான்.