ஃபாக்ஸ்பி3 எதிர்ப்பொருள்கள்

ஃபாக்ஸ்பி3 எதிர்ப்பொருள்கள், ஒழுங்குபடுத்தும் டி செல்களை இனங்காண ஆய்வகங்களில் பயன்படுபவை. வெள்ளையணுக்கள் சொந்த உடலையே தாக்காதவாறு தடுப்பவை இந்த டி செல்கள். அவற்றின் உள்ளே இருக்கும் ஃபாக்ஸ்பி3 என்ற புரதத்தை இவ்வெதிர்ப்பொருள்கள் பற்றிக்கொள்கின்றன.

பின்னணி

எதிர்ப்பாற்றலை அடக்கும் டி செல்கள் உண்டு என்ற கருத்தை 1970-ல் யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கெர்ஷான் முன்வைத்தார். அவற்றுக்கு அடையாளமாகக் கருதப்பட்ட ஐ-ஜே மரபணு, 1980-களின் தொடக்கத்தில் தேடியபோது எதிர்பார்த்த இடத்தில் இல்லை. பிற செல்களிலிருந்து பிரித்துக்காட்ட வழியில்லாமல் போனதால் பெரும்பாலோர் அக்கருத்தையே கைவிட்டனர்.

1995-ல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, சிடி25 புரதம் உள்ள டி செல்களே அப்பணியைச் செய்கின்றன என்று எலிகளில் காட்டினார். ஆனால் நோயோடு போராடும் சாதாரண டி செல்களிலும் சிடி25 தோன்றும். ஐயம் முழுதும் நீங்கவில்லை.

மரபணு

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1949-ல் ‘ஸ்கர்ஃபி’ என்னும் நோயுற்ற எலி வகை தோன்றியது. அதன் ஆண் குட்டிகள் சில வாரங்களிலேயே இறந்தன. இதற்குக் காரணமான மரபணுவை மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் குழுவினர் 2001-ல் கண்டறிந்து ஃபாக்ஸ்பி3 எனப் பெயரிட்டனர். ஆண் குழந்தைகளைத் தாக்கும் ஐபெக்ஸ் என்ற கொடிய சுய தடைகாப்பு நோய்க்கும் இதே மரபணுவின் பழுதே காரணம் என்பது அவ்வாண்டே தெளிவாயிற்று. ஒழுங்குபடுத்தும் டி செல்களை உருவாக்குவது இம்மரபணுவே என்று 2003-ல் மூன்று குழுக்கள் நிறுவின.

எதிர்ப்பொருளும் அதன் எல்லையும்

ஒரே இலக்கைப் பற்றும் மோனோகுளோனல் எதிர்ப்பொருளை உருவாக்கும் முறையைக் கோலரும் மில்ஸ்டைனும் 1975-ல் வெளியிட்டிருந்தனர். அவ்வகை எதிர்ப்பொருளைக் கொண்டு, மனிதச் செல்களில் ஃபாக்ஸ்பி3 புரதத்தை ஒவ்வொரு செல்லாகப் பார்த்த ஆய்வை ஜியோவன்னா ரோங்கடோர் குழுவினர் 2005-ல் வெளியிட்டனர்.

ஃபாக்ஸ்பி3 இருப்பது செல்லின் உட்கருவில். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பருத்தியின் மெழுகை நீக்கிய பிறகே சாயம் நூலில் இறங்கும். அதுபோல, செல்லை வேதிப்பொருளால் நிலைப்படுத்திச் சவ்வில் துளையிட்ட பிறகே ஒளிரும் சாயம் சேர்த்த எதிர்ப்பொருள் உள்ளே போகும். அதற்குள் செல் இறந்துவிடும். எனவே, உயிருள்ள செல்களைப் பிரித்தெடுக்க, மேற்பரப்பில் சிடி127 குறைவாக இருப்பதை அடையாளமாகக் கொள்ளும் முறை 2006-ல் வந்தது.

மனிதர்களில், தூண்டப்பட்ட சாதாரண டி செல்களிலும் ஃபாக்ஸ்பி3 சிறிது காலம் தோன்றும். ஆகவே சிடி4, சிடி25, சிடி127, ஃபாக்ஸ்பி3 ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்ப்பதே வழக்கமாயிற்று.

தமிழ்நாட்டில்

சென்னைக் காசநோய் ஆய்வு மையத்தினரும் அமெரிக்க அறிவியலாளர்களும் யானைக்கால் நோய் பற்றிய ஆய்வு ஒன்றை 2006-ல் வெளியிட்டனர். நோய்த்தொற்று உள்ளவர்களின் இரத்தச் செல்கள் உயிருள்ள புழுக்களை எதிர்கொண்டபோது ஃபாக்ஸ்பி3 மரபணுவின் வெளிப்பாடு கூடியதாக அது தெரிவித்தது. அப்புழுக்கள் உடலில் பல்லாண்டு நிலைத்திருப்பதற்கு இது ஒரு விளக்கம் தந்தது.

பிரன்கோ, ராம்ஸ்டெல், சகாகுச்சி மூவருக்கும் 2025-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.