துங்கு பெற்ற பரிசு

அமைதிக்குப் பரிசு வழங்குவோர் நோக்க வேண்டுவது முடித்த செயலையா, முடிப்பார் என்னும் நம்பிக்கையையா? ஒபாமா பதவியேற்ற 2009-ஆம் ஆண்டிலேயே நோபல் பரிசு பெற்றபோது உலகம் இவ்வாறு வினவிற்று. கோலாலம்பூருக்கு அவ்வினா புதிதன்று.

1960-இல் துங்கு அப்துல் ரகுமான் சமுதாயத் தலைமைக்கான மகசேசே பரிசு பெற்றார். (மகசேசே பிறந்த நாளும் மலாயா விடுதலை பெற்ற நாளும் ஆகஸ்டு 31 என்பது சுவையான பொருத்தம்.) அப்பரிசுரை இரு கூறுடையது. சட்டநெறி நின்று விடுதலை பெற்றது ஒன்று. அது 1957-இலேயே நிறைவேறியது. பல்லின மக்களை ஒற்றுமை நோக்கி நடத்தியது மற்றொன்று. 'நோக்கி' என்னும் அச்சொல்லில்தான் நம்பிக்கை ஒளிந்திருந்தது.

1969 மே 13-இல் கோலாலம்பூரில் இனக்கலவரம் மூண்டது. அரசின் கணக்கின்படியே 196 பேர் மாண்டனர். நாடாளுமன்றம் முடக்கப்பட்டது, மறு ஆண்டு துங்கு பதவி விலகினார்.

பரிசு பிழையோ எனின், முதற்கூறு அசையவில்லை. அதில் துங்குவுக்குத் துணைநின்ற சம்பந்தனின் பெயரைப் பிரிக்பீல்ட்சின் பெருந்தெரு இன்றும் தாங்கி நிற்கிறது. இரண்டாவதற்கு நம் புலவர் வேறு வழி கண்டிருந்தனர். மன்னன் இனிச் செய்யவேண்டுவதைச் செவியறிவுறூஉ என்னும் துறையிற் பாடினர்; அதைக் கேட்டமைக்காக அவனுக்குப் பரிசில் நீட்டினாரில்லை. ஆதலின் 1960-ஆம் ஆண்டுப் பரிசை விடுதலைக்கு உரியதென்றே நாம் கொள்கிறோம்.