காது குத்த மாமா மடி எங்கே? சுருங்கும் குடும்பங்கள் சொல்லும் கணக்கு!

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. உங்க பாட்டிகூடப் பிறந்தவங்க எத்தனை பேரு? உங்க அம்மாகூட? உங்ககூட? உங்க பிள்ளைக்கு? பெரும்பாலான வீடுகளில் இந்த எண் ஏழு, நான்கு, ஒன்று, பூஜ்யம் என்று இறங்கிக்கொண்டே வரும். கடையநல்லூரோ, தென்காசியோ, சென்னையோ... எந்த ஊரும் இதற்கு விதிவிலக்கு இல்லை.

எப்படிக் குறைந்தது?

1971-ல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3.9 குழந்தைகள். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வில் அது 1.8. மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும். 'நாம் இருவர், நமக்கு இருவர்' பிரசாரம் மட்டும் இதற்குக் காரணமில்லை. 1971-ல் பிறந்த 1,000 குழந்தைகளில் 113 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-ல் அது 13. பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும், நிறைய பெற வேண்டிய அவசியம் போனது. பெண்கள் படித்தார்கள், கல்யாண வயது தள்ளிப்போனது. இதெல்லாம் நல்ல மாற்றம்தான்.

சிங்கப்பூர் சொல்லும் பாடம்

கடையநல்லூர்க்காரர்களுக்குச் சிங்கப்பூர் பக்கத்து ஊர் மாதிரி. அங்கே குடியேறியவர்கள் 1941-லேயே 'சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்' அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள். அந்த நாடு 1970-களில் 'இரண்டோடு நிறுத்துங்கள்' என்றது. 1987-ல், 'வசதி இருந்தால் மூன்று பெறுங்கள்' என்று மாற்றிச் சொன்னது. சலுகைகளும் கொடுத்துப் பார்த்தது. ஆனாலும், 2023-ல் அங்கே விகிதம் 0.97. ஒருமுறை இறங்கினால் ஏற்றுவது அவ்வளவு சுலபமில்லை!

காணாமல்போகும் உறவுகள்

அப்பாவும் ஒற்றைப்பிள்ளை, அம்மாவும் ஒற்றைப்பிள்ளை என்றால், அவர்கள் குழந்தைக்கு அத்தை இல்லை, சித்தப்பா இல்லை, பெரியம்மா இல்லை. காது குத்தும்போது உட்கார தாய்மாமன் மடியும் இல்லை. ஒவ்வோர் உறவுக்கும் தனிப் பெயர் வைத்த மொழி நம்முடையது. அந்தப் பெயர்களைக் கூப்பிட ஆள் இல்லாமல் ஒரு தலைமுறை வளரப்போகிறது.

இன்னொரு பக்கம், முதுமை. 2021-ல் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவிகிதம், 2031-ல் 18.2 ஆகும் என்பது கணிப்பு. ஏழு பேர் பங்கு போட்டுப் பார்த்துக்கொண்ட அப்பா, அம்மாவை இனி ஒருவரே பார்க்க வேண்டும். அந்த ஒருவரும் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருந்தால்? பெரும்பாலும் சுமை மருமகள் தலையில்தான் விழுகிறது.

நாம் என்ன செய்யலாம்?

* பிள்ளைகளை ஒன்றுவிட்ட உறவுகளோடு பழக விடுங்கள். லீவு விட்டால் குற்றாலச் சாரலுக்கு அவர்களையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போங்க.

* 'பிள்ளை பார்த்துப்பான்' என்று இருக்காமல், முதுமைக்கென 30 வயதிலேயே சேமிக்கத் தொடங்குங்கள்.

* பெற்றோரைக் கவனிப்பதில் மகன், மகள் இருவருக்கும் சமபங்கு. 2007-ல் வந்த மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் இருவரையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது.

* முதியோருக்கு உதவி தேவைப்பட்டால் 14567 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

எத்தனை பிள்ளைகள் என்பது ஒவ்வொரு பெண்ணின் முடிவு. ஆனால், சின்னக் குடும்பத்துக்கும் பெரிய சுற்றம் வேண்டும். ரொம்ப நாளா பேசாத உங்க சித்தப்பாவுக்கு இன்னிக்கே ஒரு போன் போடுங்க!