காணாமல் போன 'இ'

"அப்பா, இதைவிடச் சுலபமா ஒண்ணும் கிடையாதா?"

போன வாரம் மகள் கேட்ட கேள்வி இது. பள்ளிக்கூட வேலையாக ஒரு வலைப்பக்கம் செய்ய வேண்டுமாம். எச்.டி.எம்.எல். குறிகளை ஒவ்வொன்றாகக் கையால் தட்டிக்கொண்டிருந்தாள். கேரளத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. 2001-ல் இங்கே ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் வந்தது. 2005-ல் பத்தாம் வகுப்புப் பரீட்சையிலேயே கணினிப் பாடம் சேர்ந்துவிட்டது. வட்டிக் கணக்குப் பார்க்கிற ஆளிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது, இதே கேள்வியை 2001-ல் கும்பகோணத்து பிரவுசிங் சென்டர் ஒன்றில் நானும் கேட்டிருக்கிறேன்.

அப்போது நான் பி.காம். முடித்துவிட்டு வங்கித் தேர்வுகள் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா தமிழாசிரியர். எங்கள் ஊரின் கதையை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். குளம் வெட்டியது, தேர் நின்றுபோனது, யார் யார் ரங்கூனுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறினார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. சிங்கப்பூரில் இருக்கிற சித்தப்பா குடும்பம் படிக்கட்டுமே என்று அதை வலையேற்ற ஆசை.

சுலபமான வழிக்கு அன்றைக்குப் பஞ்சமே இல்லை. உண்மையில் வலையே அப்படித்தான் தொடங்கியது. டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ல் எழுதிய முதல் உலாவியிலேயே பக்கத்தைப் படிக்கவும் முடியும், திருத்தவும் முடியும். பின்னால் வந்த உலாவிகள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ள, எழுதுவதற்குத் தனி மென்பொருள் தேவைப்பட்டது. வெர்மீர் என்ற சிறு நிறுவனம் 1995-ல் ஃபிரண்ட்பேஜைக் கொண்டுவந்தது. குறிகள் எதுவும் தெரியாமல், கடிதம் தட்டச்சு செய்கிற மாதிரி பக்கம் செய்யலாம். அடுத்த ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தைச் சுமார் 13 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. நெட்ஸ்கேப் தன் உலாவியோடு கம்போசரைச் சேர்த்துக் கொடுத்தது. 1997 கடைசியில் வந்த டிரீம்வீவர் காசுள்ளவர்களுக்கு. வேர்டிலும் 'வலைப்பக்கமாகச் சேமி' என்று ஒரு வசதி உண்டு. அதில் சேமித்த கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அரைப்பக்கக் கடிதத்துக்கு ஆறு பக்கம் குறி!

நான் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்பது இருக்கட்டும். பொத்தானை அழுத்தினால் பக்கம் வந்தது, அவ்வளவுதான் பார்த்தேன். வீட்டுக்கடன் கேட்டு வருகிறவர் மாதத் தவணை எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார். நாளைக்கு இதை வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்பவர் அபூர்வம். நானும் கேட்கவில்லை.

அதே 2001-ல் இங்கே அந்த இரண்டாவது கேள்வியைத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஜூலை 20-ஆம் தேதி, திருவனந்தபுரத்தில், ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்திருக்க, இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கியது. 2006 வாக்கில் கேரளத்து உயர்நிலைப் பள்ளிகள் விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறத் தொடங்கின. செலவு மிச்சம் என்பது ஒரு காரணம். மூல நிரல் கையில் இருந்தால், செய்த நிறுவனம் போனாலும் இன்னொருவர் எடுத்து நடத்தலாம் என்பது மற்றொன்று.

நெட்ஸ்கேப் கம்போசரின் கதையே இதற்குச் சாட்சி. 1998 மார்ச் 31-ல் நெட்ஸ்கேப் தன் நிரலைத் திறந்துவிட்டது. நெட்ஸ்கேப் பிற்பாடு ஒழிந்தது, ஆனால் கம்போசர் மொசில்லாவுக்குள் உயிரோடு இருந்தது. அதிலிருந்து டேனியல் கிளாஸ்மன் என்பவர் என்வியூவை உருவாக்கி 2005-ல் முதல் முழுப் பதிப்பைக் கொடுத்தார். அது நின்றதும் வேறொருவர் அதையே கம்போஸர் என்று நடத்தினார் ('ஸ' எழுத்தைக் கவனிக்கவும், பெயரில் அவ்வளவுதான் வித்தியாசம்). ஃபிரண்ட்பேஜோ 2006-ல் கடையைக் கட்டியது. அதன் கவுண்டர், படிவம் போன்றவை வழங்கியில் தனியான துணை நிரல் இருந்தால்தான் ஓடும். அது போனதும் உலகம் முழுக்கப் பல பக்கங்கள் பாதி செத்துப்போயின. 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது லட்சக்கணக்கான வீட்டுப் பக்கங்கள் ஒரேயடியாகப் போனது தனிக்கதை.

நான் இடம் பிடித்திருந்த இலவச வழங்கியும் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தது. சிடியில் ஒரு நகல் இருந்ததால் தப்பித்தேன் என்று நினைத்தேன். அப்பா 2010-ல் காலமான பிறகு திறந்து பார்த்தால், புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் வரிசையாக நின்றன. நோட்டைக் கரையான் தின்று வெகுநாளாகியிருந்தது.

நான் தட்டச்சு செய்தது டிஸ்கி எழுத்துருவில். யூனிகோடு பரவும் முன் வெளிநாட்டுத் தமிழர்களும் நம்மூர்க்காரர்களும் இணையத்தில் கூடிப் பேசி உண்டாக்கிய குறியீடு அது. மதுரைத் திட்டத்தின் பழைய நூல்கள்கூட அதில்தான் வந்தன. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியில் போட்டதும் அப்பாவின் வரிகள் யூனிகோடில் திரும்பி வந்தன. ஒரே ஒரு எழுத்தைத் தவிர.

'இ' எங்குமே இல்லை. டிஸ்கியின் ஆரம்பப் பதிப்பில் அந்த எழுத்து உட்கார்ந்திருந்தது 173-ஆம் இடத்தில். சாதாரண ஆங்கில அட்டவணையில் அது கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோட்டின் இடம். அதனால் சில மென்பொருள்கள் அதை விழுங்கிவிடும். பிறகு 1.7 பதிப்பில் 'இ'-க்கு வேறு இடம் கொடுத்தார்கள். நான் அங்கும் இங்கும் நகலெடுத்து ஒட்டியதில் எல்லா 'இ'-யும் உதிர்ந்திருந்தது. 'இருவர்' 'ருவர்' ஆனார்கள். 'இல்லை' 'ல்லை' ஆயிற்று. அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

மகளிடம் சுலபமான வழிகளைச் சொன்னேன். இழுத்து வைத்தால் பக்கம் கட்டித் தருகிற தளங்கள் இன்று நிறைய இருக்கின்றன. ஆனால் உன் பக்கத்தைச் சாதாரணக் கோப்பாக வெளியே எடுக்க விடுகிறார்களா என்று முதலில் பார், எடுத்ததை நோட்பேடில் திறந்தால் தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்றும் பார் என்றேன். அவள் கையால் தட்டுவதையே தொடர்ந்தாள். பக்கத்துக்கு விஷயம் என்ன என்று கேட்டதும் சிடியிலிருந்து மாற்றிய கோப்பைக் கொடுத்தேன்.

இரண்டு இரவு உட்கார்ந்து 'இ'-க்களை ஒவ்வொன்றாக நட்டுவிட்டாள். ஒரு சந்தேகம்தான் மிஞ்சியது. ரங்கூன் போன என் கொள்ளுத்தாத்தா 'ராமசாமி'யா, 'இராமசாமி'யா? கோப்பில் இருப்பது 'ராமசாமி'. அம்மாவுக்கு போன் போட்டோம்.

"உங்க அப்பா எந்தக் காலத்துல 'ர'-வுல பேரை ஆரம்பிச்சாரு? 'இ' போடுடி" என்றாள் அம்மா.