வெள்ளை உறையில் ஒரு வேக இசை
'டயமண்ட் ஹெட்' குழுவும் மறுபதிப்புகள் உரைக்கும் உண்மையும்

நூல்கள் மறைவதுண்டு, மறைந்தவை மீண்டும் கிடைப்பதும் உண்டு. ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்தவர்களின் வரலாற்றை அறிந்த தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. ஆனால் ஓலைக்கு நேர்ந்த கதி இசைத்தட்டுக்கும் நேரக்கூடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இயந்திரத்தால் ஆயிரக்கணக்கில் படியெடுக்கத்தக்க ஒரு பொருள் எங்ஙனம் தொலையும் என்று கேட்கலாம். தொலையும் என்பதற்கு இங்கிலாந்தில் தோன்றிய 'டயமண்ட் ஹெட்' என்னும் இசைக்குழுவின் முதல் தட்டே சான்றாகும்.

பிற்காலத்தில் 'ஸ்பீட் மெட்டல்' என்றும் 'திராஷ் மெட்டல்' என்றும் பெயர் பெற்ற வேக இசைக்கு ஊற்றுக்கண்ணாய் இருந்தவற்றுள் அத்தட்டும் ஒன்று. ஆயினும் நெடுங்காலம் அதன் பாடல்களைப் பிறர் வாயிலாகக் கேட்டவர்களே மிகுதி. மூலத்தைக் கேட்டவர் மிகச் சிலர். அந்நிலையை மாற்றியவை மறுபதிப்புகளே.

தோன்றிய ஊர்

பர்மிங்காம் மாநகருக்கு மேற்கே அமைந்தது ஸ்டூர்பிரிட்ஜ். கண்ணாடித் தொழிலுக்குப் பெயர்போன ஊர் அது. அதனைச் சூழ்ந்த வட்டாரம் நிலக்கரியாலும் இரும்பாலும் வாழ்ந்த தொழில் வட்டாரமாகும். 'பிளாக் சாபத்', 'ஜூடாஸ் பிரீஸ்ட்' ஆகிய புகழ்பெற்ற 'ஹெவி மெட்டல்' குழுக்கள் பிறந்ததும் இப்பகுதியிலேதான்.

1976ஆம் ஆண்டில் ஸ்டூர்பிரிட்ஜில் பள்ளிப் பருவத்து இளைஞர் சிலர் ஒரு குழுவை அமைத்தனர். பிரையன் டாட்லர் கிட்டார் வாசித்தார்; டங்கன் ஸ்காட் டிரம் முழக்கினார்; ஷான் ஹாரிஸ் பாடினார். பின்னர்க் கோலின் கிம்பர்லி பேஸ் கிட்டார் வாசிக்க வந்து சேர்ந்தார். பில் மன்சனேரா என்னும் கிட்டார்க் கலைஞர் 1975இல் வெளியிட்ட ஒரு தட்டின் பெயரே இக்குழுவின் பெயராயிற்று.

அக்காலத்தில் இங்கிலாந்து முழுவதும் இத்தகைய இளைஞர் குழுக்கள் பல கிளம்பின. 1979இல் 'சவுண்ட்ஸ்' என்னும் இசை வார இதழ் இவ்வெழுச்சிக்குப் 'பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை' என்று பெயர் சூட்டியது. 'அயர்ன் மெய்டன்', 'டெப் லெப்பர்ட்', 'சாக்சன்' முதலியன அவ்வலையில் மிதந்து கரை சேர்ந்தவை. டயமண்ட் ஹெட் அவ்வாறு கரை சேரவில்லை.

வேகத்தின் இலக்கணம்

வேக இசை என்பது வெறுமனே விரைந்து வாசிப்பதன்று. அதற்குரிய முறைகள் சில உண்டு. கிட்டார் வாசிப்பவர் வலக்கையின் அடிப்பகுதியைத் தந்திகளின்மேல் மெல்ல அழுத்திக்கொண்டே மீட்டுவார். அதனால் ஒலி நீண்டு பரவாமல் சம்மட்டி அடிபோலக் குறுகி விழும். மேலிருந்து கீழாகவே இடைவிடாது தந்தியைத் தாக்கும்போது அவ்வடிகள் ஒன்றையொன்று துரத்தி ஓடும். டிரம் அவ்வோட்டத்தைத் தாங்கிச் செல்லும். 1978இல் ஜூடாஸ் பிரீஸ்ட் பாடிய 'எக்சைட்டர்', 1979இல் 'மோட்டார்ஹெட்' குழு முழக்கிய 'ஓவர்கில்' ஆகியவை இவ்வேகத்திற்கு முன்னோடிகள் எனலாம்.

டயமண்ட் ஹெட் தன்னை வேக இசைக்குழு என்று அழைத்துக்கொள்ளவில்லை. அப்பெயர் பரவியதே பின்னாளில்தான். ஆனால் 'ஹெல்ப்லெஸ்', 'தி பிரின்ஸ்' என்னும் அதன் பாடல்களில் மேற்கூறிய இலக்கணம் தெளிவாக உருப்பெற்றுள்ளது. அதனோடு மற்றொரு புதுமையும் உண்டு. ஒரே பாடலுக்குள் பல கிட்டார்த் துணுக்குகளை அடுக்கி, வேகத்தை ஏற்றியும் இறக்கியும் ஒரு கதைபோல வளர்த்துச் செல்லும் முறை அது. 'ஆம் ஐ ஈவில்?' என்னும் பாடல் ஏழு நிமிடத்துக்கு மேல் நீள்வது. ஹோல்ஸ்ட் என்னும் ஆங்கில இசையாசிரியர் கோள்களைப் பற்றி இயற்றிய படைப்பில் செவ்வாயைக் குறிக்கும் போர்முழக்கத்தின் சாயலோடு அது தொடங்குகிறது. பின்னர்க் கனத்த நடையில் நெடிது நடந்து, இறுதிப் பகுதியில் திடீரென விரைகிறது. இந்த அடுக்குமுறையே அடுத்த தலைமுறை கற்றுக்கொண்ட பாடம்.

வெள்ளைத் தட்டு

1980இல் இக்குழு வூஸ்டர் நகரிலிருந்த ஓர் ஒலிப்பதிவு நிலையத்தில் ஏழே நாளில் ஏழு பாடல்களைப் பதிவு செய்தது. பெரிய நிறுவனம் எதுவும் முன்வராமையால் தட்டைத் தாங்களே வெளியிட்டனர். பாடகரின் தாயார் லிண்டா ஹாரிசும் ரெஜ் பெல்லோசும் குழுவின் நிர்வாகத்தைக் கவனித்து வந்தனர். பெல்லோஸ் அட்டைத் தொழிற்சாலை ஒன்றின் உரிமையாளர். ஆதலின் உறைகள் மலிவாகக் கிடைத்தன. அவ்வுறையில் படமில்லை, தலைப்பில்லை, பாடல்களின் பட்டியலும் இல்லை. வெறும் வெள்ளை அட்டையில் குழுவினர் ஒருவரின் கையெழுத்து மட்டுமே இருந்தது. முதலில் வந்தவை 1,000 படிகள். விலை மூன்றரைப் பவுன். இசை நிகழ்ச்சிகளிலும் அஞ்சல் வழியாகவும் விற்பனை நடந்தது.

ஏழ்மையால் நேர்ந்த இவ்வெண்மை பிற்காலத்தில் அத்தட்டின் அடையாளமாயிற்று. 'வெள்ளைத் தட்டு' என்றே அன்பர்கள் அதனை அழைத்தனர். முதற்பாடலின் பெயரான 'லைட்னிங் டு தி நேஷன்ஸ்' என்பது தட்டின் பெயராக நிலைத்தது பின்னரேயாம்.

கடல் கடந்த பாட்டு

அத்தட்டை அஞ்சல் வழி வரவழைத்தவர்களுள் ஒருவர் லார்ஸ் உல்ரிக். டென்மார்க்கில் பிறந்து கலிபோர்னியாவில் குடியேறிய இளைஞர். 1981 கோடையில், தமது பதினேழாம் வயதில், இக்குழுவை நேரிற் காண வேண்டும் என்பதற்காகவே அவர் இங்கிலாந்துக்குப் பறந்து சென்றார். லண்டன் வூல்விச்சில் நடந்த நிகழ்ச்சியைக் கண்டபின், குழுவினரின் இல்லங்களிலேயே சில வாரங்கள் விருந்தினராய்த் தங்கினார். ஊர் திரும்பிய அவ்வாண்டிலேயே ஜேம்ஸ் ஹெட்பீல்டு என்பவருடன் சேர்ந்து அவர் தொடங்கிய குழுவே 'மெட்டாலிக்கா'.

1982 மார்ச் 14ஆம் நாள் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் மெட்டாலிக்காவின் முதல் மேடை நிகழ்ச்சி நடந்தது. அன்று இசைத்த ஒன்பது பாடல்களுள் அவர்களுடைய சொந்தப் பாடல்கள் இரண்டே. நான்கு பாடல்கள் டயமண்ட் ஹெட்டினுடையவை. அவற்றை இயற்றியவர் இன்னார் என்று அந்நாள் மேடைகளில் அவர்கள் அறிவிக்கவில்லை. வெள்ளைத் தட்டைக் கண்டிராத அமெரிக்க இளைஞர்கள் அவற்றையும் மெட்டாலிக்காவின் பாடல்கள் என்றே நம்பினர். 1984இல் மெட்டாலிக்கா 'ஆம் ஐ ஈவில்?' பாடலைத் தட்டிற் பதித்தது. 1987இல் 'ஹெல்ப்லெஸ்' பாடலையும் பதித்தது. உரியவர் பெயர் தட்டில் அச்சிடப்பட்டிருந்தது உண்மை. எனினும் கேட்பவர் காதில் நிலைத்தது பாடியவர் குரலேயன்றி எழுதியவர் பெயரன்று.

பெரிய நிறுவனமும் சிறிய வெற்றியும்

இதற்கிடையே டயமண்ட் ஹெட் பெரிய நிறுவனமான எம்.சி.ஏ.வுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 1982இல் வந்த 'பாரோட் டைம்' என்னும் தட்டின் உறையை ராட்னி மேத்யூஸ் என்னும் ஓவியர் வண்ணமயமாகத் தீட்டினார். வெள்ளைத் தட்டின் பாடல்கள் இரண்டை மீண்டும் பதிவு செய்து அதிற் சேர்த்தனர். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் அது 24ஆம் இடத்தைப் பிடித்தது. 1983இல் வந்த 'கேன்டர்பரி' வேகத்தைக் கைவிட்டு வேறு வழியை நாடிற்று. முதலில் அச்சான 20,000 தட்டுகளில் ஊசி துள்ளும் குறை நேர்ந்தது. அத்தட்டு உருவாகும் காலத்திலேயே கிம்பர்லியும் ஸ்காட்டும் குழுவை விட்டு நீங்கினர். அவ்வாண்டு டானிங்டன் பெருவிழாவில் வாசிக்கும் வாய்ப்புக் கிடைத்தும் குழு தலைநிமிரவில்லை. 1985இல் அது கலைந்தது.

கடைகளில் எளிதாய்க் கிடைத்தவை இவ்விரு தட்டுகளே. ஆகவே இவற்றைக்கொண்டே உலகம் அக்குழுவை எடைபோட்டது. 'நல்ல தொடக்கம், தவறிய முடிவு' என்று ஒரு வரியில் எழுதி முடிக்கத்தக்க குழுவாகவே அது தோன்றிற்று.

மூல நாடா

வெள்ளைத் தட்டு ஏன் கடைக்கு வரவில்லை? காரணம் ஒன்று உண்டு. ஒலிப்பதிவு நிலையத்தில் குரலும் கருவிகளும் தனித்தனித் தடங்களாகப் பதியப்படும். பின்னர் அவற்றைத் தக்க அளவிற் கலந்து ஒரு நாடாவில் இறக்குவர். அக்கலவை நாடாவே மூலப்படி. அதிலிருந்துதான் தட்டுகள் அடிக்கப்படும். அது தொலைந்தால் இரு வழிகளே எஞ்சும். பழைய தட்டை ஒலிக்கவிட்டு அதனின்று படியெடுக்கலாம்; அப்போது கீறலும் இரைச்சலும் உடன் வரும். அல்லது தனித் தடங்கள் கையில் இருந்தால் புதிதாகக் கலக்கலாம்; அப்போது 1980இல் கேட்ட ஒலி மாறிவிடும். முன்னது சிதைந்த படி. பின்னது திருத்திய படி. இரண்டும் மூலமாகா.

வெள்ளைத் தட்டின் மூல நாடா ஜெர்மனியிலிருந்த 'வுல்ப்' என்னும் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது. அந்நிறுவனம் புதிய உறையில் தட்டை வெளியிட்டது. ஆனால் நாடா திரும்பி வரவில்லை. குழு கலைந்தபோது அதன் மிகச் சிறந்த படைப்பின் மூலம் அதனிடம் இல்லை.

அதைத் தேடியவர் முன்னாள் விருந்தினரேயாவார். 1990இல் உல்ரிக், 'சவுண்ட்ஸ்' இதழில் எழுதிய ஜெப் பார்ட்டனுடன் சேர்ந்து, 'புதிய அலை'க் குழுக்களின் பாடல்களைத் திரட்டி இரட்டைத் தட்டாக வெளியிட்டார். அத்திரட்டுக்காக அவரும் போனோகிராம் நிறுவனத்தாரும் முயன்று மூல நாடாவைக் கண்டுபிடித்தனர். அதன்பின் வெள்ளைத் தட்டு முழுமையாகக் குறுந்தட்டு வடிவில் மறுபதிப்புப் பெற்றது. 'ஷூட் அவுட் தி லைட்ஸ்', 'ஸ்ட்ரீட்ஸ் ஆப் கோல்டு' எனச் சிறு தட்டுகளில் சிதறிக் கிடந்த 1980, 1981ஆம் ஆண்டுப் பாடல்களும் பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டன.

மறுபதிப்புக் காட்டுவது

மறுபதிப்பைச் சிலர் வாணிகத் தந்திரம் என்பர். பழைய சரக்கைப் புதிய உறையிலிட்டு விற்பது உலகில் நடவாததன்று. ஆனால் இங்கே மறுபதிப்பு ஆற்றிய தொண்டு ஆவணத்தின் தொண்டாகும். கேட்பவர் தம் காதாலேயே சிலவற்றைத் தீர்மானிக்க அது வழிவகுத்தது.

'ஆம் ஐ ஈவில்?' பாடலின் 1980ஆம் ஆண்டுப் பதிவையும் 1984ஆம் ஆண்டு மெட்டாலிக்காவின் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்க இன்று இயல்கிறது. மெட்டாலிக்கா கனத்தைக் கூட்டிற்று, ஒலியைக் கூர்மையாக்கிற்று. ஆனால் பாடலின் எலும்புக்கூடு முழுவதும், வேகம் பாயும் இடம் உட்பட, டாட்லரும் ஹாரிசும் வகுத்ததே. மாணவன் கட்டியது மாளிகையாயினும் அடித்தளம் ஆசிரியன் இட்டது என்பது இதனால் விளங்குகிறது.

அதே பாடலின் 1982ஆம் ஆண்டுப் பதிவையும் உடன் வைத்துக் கேட்டால் மற்றோர் உண்மை புலனாகும். பணமும் வசதியும் மிக்க இடத்தில் மீண்டும் பதிந்தபோது ஒலி மெருகேறிற்று. ஏழு நாளில் அவசரமாய்ப் பதிந்ததன் துடிப்போ குறைந்தது. குழு திறமையற்றதாகையால் வீழ்ந்தது என்னும் பழைய தீர்ப்பு இங்கே தளர்கிறது. உலகம் தீர்ப்பளித்தபோது அதன்முன் இருந்தது முழுச் சான்றன்று.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பின்னிணைப்புகள் மிகுந்த மறுபதிப்பில் மூலநூல் எது, இடைச்சேர்க்கை எது என்பது மயங்கிவிடும். வெள்ளைத் தட்டு என்பது ஏழு பாடல்களே. அவற்றை அவ்வரிசையிற் கேட்டபின் பிறவற்றைக் கேட்பதே முறை.

காலம் கடந்த புகழ்

மறுகண்டுபிடிப்பு இழந்த ஆண்டுகளை மீட்டுத் தரவில்லை. 1990களின் தொடக்கத்தில் குழு மீண்டும் கூடியது. 1993 ஜூனில் மில்டன் கீன்ஸ் திடலில் மெட்டாலிக்காவின் நிகழ்ச்சியில் முன்வாசிப்புக்கு அமர்ந்தது. ஒருகாலத்தில் தங்கள் வீட்டில் விருந்தினனாய்த் தங்கிய இளைஞனின் மேடையில் அவர்கள் விருந்தினராயினர். அதன்பின் அடுத்த ஆண்டே குழு மீண்டும் கலைந்தது. பின்னர் எழுந்தபோதும் பழைய நால்வர் சேரவில்லை. 2004இல் ஹாரிசும் விலகினார். தொடக்க நாள் முதல் இறுதிவரை நின்றவர் டாட்லர் ஒருவரே. ஆயினும் மெட்டாலிக்கா பதித்த பாடல்களின் உரிமைத் தொகை எழுதியவர்களுக்கு வந்து சேர்ந்தது. வறிய கலைஞர் பலர்க்குக் கிட்டாத நீதி அது.

வெள்ளைத் தட்டு வெளிவந்து 40 ஆண்டுகள் நிறைந்த 2020இல், டாட்லரும் புதிய தோழர்களும் அதன் ஏழு பாடல்களையும் மீண்டும் பதிவு செய்தனர். அவற்றோடு பிறர் பாடல்கள் நான்கையும் சேர்த்தனர். லெட் செப்பலின், டீப் பர்ப்பிள், ஜூடாஸ் பிரீஸ்ட் என மூன்று முன்னோரின் பாடல்கள். நான்காவது மெட்டாலிக்காவின் 'நோ ரிமோர்ஸ்'. முன்னோர் வரிசையில் மாணவனுக்கும் ஆசிரியர் இடமளித்தார்.

ஒரு கலை வரலாற்றில் வென்றவர் பெயரை எவரும் எளிதிற் காண்பர். வென்றவர் எவரிடம் கற்றார் என்பதைக் காண மூலச் சான்று வேண்டும். வெள்ளைத் தட்டின் சான்று வேற்று நாட்டில் ஒரு நாடாச் சுருளில் அடங்கிக் கிடந்தது. அதனைத் தேட ஒருவர் மனம் வைத்திராவிடின், வேக இசையின் வரலாறு அதன் முதல் ஏடு இல்லாமலேயே எழுதப்பட்டிருக்கும். அஃது இல்லை என்பதை எவரும் உணர்ந்திருக்கவும் மாட்டார்.