குடும்ப வன்முறையும் வீட்டு விலங்கு வதையும்: சட்ட வரலாறு

பெண்ணை அடிப்பதும் அவள் வளர்க்கும் ஆடு, மாடு, நாயை வதைப்பதும் பல வீடுகளில் ஒரே கையால் நடப்பவை. சட்டங்களோ இவற்றை இருவேறு குற்றங்களாக, இருவேறு காலங்களில் எழுதி வைத்தன. அந்த இடைவெளி இன்றும் முழுதாக மூடப்படவில்லை.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாக நதியை ஒட்டியுள்ள ஆரணி, பட்டுச் சேலைக்குப் பெயர்பெற்ற ஊர். கைத்தறி வீடுகளில் குழித்தறியில் அமர்ந்து நெய்பவர் பெரும்பாலும் ஆண். தார் சுற்றுவது, நூல் இழைப்பது, பாவு நீட்டும்போது கூட நிற்பது எல்லாம் வீட்டுப் பெண்களின் வேலை. கூலி சேலைக் கணக்கில் நெய்தவர் பெயருக்கே வருகிறது. தார் சுற்றிய கைக்குத் தனிக் கணக்கு இருப்பது அரிது. இத்தகைய வீடுகளிலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் இரண்டு வெள்ளாடு, ஒரு கறவை மாடு, நாலைந்து கோழி என்பவை பெண்ணின் சிறுவாடாக இருந்து வந்துள்ளன. முட்டைக் காசும் பால் காசும்தான் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், அவசரத்துக்கு மருந்து.

எனவே கோபத்தில் ஆட்டின் காலை உடைப்பவர் ஆட்டை மட்டும் அடிக்கவில்லை. சொல்லாமல் மாட்டைச் சந்தைக்கு ஓட்டிச் செல்வதும், குரைத்த நாயைக் கிணற்றில் எறிவேன் என்று மிரட்டுவதும் மனைவியைத் தொடாமலே அவளை அடக்கும் வழிகள். பட்டு நூல் எடுக்கக் கூட்டுப்புழு வெந்நீரில் சாகிறதே, அதுவும் வதைதானே என்று சிலர் கேட்கலாம். அது வேறு விவாதம். இங்கே பேசப்படுவது, மனிதரை மிரட்டுவதற்காக விலங்கைத் துன்புறுத்துவது.

இந்தத் தொடர்பை ஐரோப்பாவில் படமாகவே தீட்டியவர் ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த். ஆரணிக்கு அருகே ராபர்ட் கிளைவ் போரிட்ட அதே 1751ஆம் ஆண்டில், கொடுமையின் நான்கு நிலைகளைக் காட்டும் அச்சுப்படங்களை அவர் வெளியிட்டார். முதல் படத்தில் நாயை வதைக்கும் சிறுவன் டாம் நீரோ, இரண்டாவதில் வண்டிக் குதிரையை அடிக்கிறான். மூன்றாவதில் தன்னால் கருவுற்ற பெண்ணைக் கொன்று பிடிபடுகிறான். நான்காவதில் தூக்கிலிடப்பட்ட அவன் உடல் அறுக்கப்படுகிறது.

ஆனால் சட்டம் எழுந்தபோது முதலில் காப்பாற்றப்பட்டது கால்நடைதான். ரிச்சர்டு மார்ட்டின் முயற்சியால் 1822இல் பிரிட்டனில் கால்நடை வதைத் தடைச் சட்டம் வந்தது. பெண்களையும் குழந்தைகளையும் கடுமையாகத் தாக்குவோரை விரைந்து தண்டிக்கும் சட்டத்துக்கு 1853 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைக் கொண்டுவந்த ஹென்றி பிட்சுராய், நாய்க்கும் கழுதைக்கும் ஏற்கெனவே கொடுத்த பாதுகாப்பையே பெண்களுக்கும் கேட்பதாக நாடாளுமன்றத்தில் வாதிட்டார். ஒரு நாடு வெட்கப்பட வேண்டிய வாதம் அது. இரு துயரங்களையும் ஒருங்கே கையிலெடுத்தவர் அயர்லாந்தில் பிறந்த பிரான்சிசு பவர் காப். ஆய்வுக்காக விலங்குகளை உயிரோடு அறுப்பதை எதிர்க்க 1875இல் சங்கம் தொடங்கிய அவர், 1878இல் மனைவியர் வதைபடுவது பற்றி எழுதிய கட்டுரை பெரும் அதிர்வை உண்டாக்கியது. அதே ஆண்டு வந்த சட்டம், கடுமையாகத் தாக்கியதற்காகக் கணவன் தண்டிக்கப்பட்டால் மனைவி பிரிந்து வாழவும் பராமரிப்புத் தொகை பெறவும் வழி செய்தது.

இந்தியாவிலும் வரிசை அதுவே. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் விலங்கைக் கொல்வதை உடைமைச் சேதமாகக் கருதியது. 428ஆம் பிரிவு பத்து ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள விலங்கைப் பற்றியே பேசியது. அதற்குக் குறைந்த கோழி அந்தக் கணக்கில் சேரவில்லை! 1890இல் விலங்கு வதைத் தடைச் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் அதன் போதாமையைச் சுட்டிக்காட்டியவர், மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த சென்னை கலாக்ஷேத்திராவின் ருக்மணி தேவி அருண்டேல். அவரது தனிநபர் மசோதாவைத் திரும்பப் பெறச் சொன்ன நேரு, அரசே சட்டம் கொண்டுவரும் என்று உறுதியளித்தார். அவ்வாறு 1960இல் புதிய சட்டம் பிறந்தது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் ருக்மணி தேவியே. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். அந்தத் தொகை இன்றும் அப்படியே ஏட்டில் நிற்கிறது.

அடித்துக் காயப்படுத்துவது பற்றிய பொதுப் பிரிவுகள் பெண்ணுக்கும் பொருந்தின என்பது உண்மை. ஆனால் கணவனும் அவன் உறவினரும் மனைவிக்கு இழைக்கும் கொடுமையைத் தனிக் குற்றமாக்கிய 498ஏ பிரிவு சேர்ந்தது 1983இல்தான். விலங்குக்கென முதல் அகில இந்தியச் சட்டம் வந்து 93 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டம் உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பொருளாதாரம் என வன்முறையை விரிவாக வரையறுக்கிறது. பெண் அக்கறை கொண்ட வேறொருவருக்கு உடல்வலி உண்டாக்குவேன் என்று திரும்பத் திரும்ப மிரட்டுவதும் அதில் அடங்கும். ஆனால் அந்த வேறொருவர் மனிதராக இருக்க வேண்டும். அவள் வளர்த்த மாடு அதில் வராது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் காப்பகத்தில் தங்கியிருந்த 38 பெண்களிடம் பிராங்க் அசியோன் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ப்பு விலங்கு வைத்திருந்தவர்களில் 71 விழுக்காட்டினர், துணைவர் அதை மிரட்டினார், காயப்படுத்தினார் அல்லது கொன்றார் என்றனர். சிறிய ஆய்வுதான். நாயை உதைப்பவரெல்லாம் மனைவியை அடிப்பவர் என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. இருந்தாலும் 2006இல் மெய்ன் மாநிலம் பாதுகாப்பு ஆணையில் வளர்ப்பு விலங்குகளையும் சேர்க்க வழி செய்தது, பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாகக் கூறினர். அவர்களின் ஆடு மாடுகள் பற்றிய கேள்வி அந்த வினாத்தாளில் இல்லை. ஒருங்கிணைந்த சேவை மையங்களில் பெண் தன் குழந்தைகளுடன் ஐந்து நாள் வரை தங்கலாம். காலையும் மாலையும் கறக்க வேண்டிய மாட்டை அந்த ஐந்து நாளும் யார் பார்ப்பது? அடிபட்டும் வீட்டை விட்டுப் போகாத பெண்ணைப் பார்த்து ஊர் வியப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

சட்டத்தில் ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கிறது. பெண்ணுக்குப் பங்குள்ள அசையும் சொத்தை அவளிடமிருந்து பறிப்பதும் விற்பதும் பொருளாதார வன்முறை என்கிறது 2005ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு, கறவை மாடு வழங்கும் திட்டத்தில் பயனாளிகள் பெண்களே. அவ்வாறு தன் பெயரில் பெற்ற ஆட்டைக் கணவர் விற்றாலோ கொன்றாலோ, பாதுகாப்பு அலுவலர் பதியும் குடும்ப நிகழ்வு அறிக்கையில் அதைத் தேதியுடன் எழுதச் சொல்லலாம். மாவட்டச் சமூகநல அலுவலகத்திலோ 181 உதவி எண்ணிலோ தொடங்கினால், பாதுகாப்பு அலுவலரை எங்கே பார்ப்பது என்று சொல்வார்கள்.